ஒன்றுக்குத் திரும்பும் பாட்டு

போன வருடம் ஓர் இலக்கியச் சந்திப்பில், தோட்டப்புறப் பாடல்கள் அத்தனையும் ஒப்பாரிதான் என்று பேசிவிட்டு வந்தேன். கைதட்டினார்கள். அது நான் யோசித்துச் சொன்னதில்லை, கடன் வாங்கியது. ஆப்பிரிக்க-அமெரிக்க ஆன்மிகப் பாடல்களை டூ போய்ஸ் 1903இல் ‘துயரப் பாடல்கள்’ என்றார். அந்தத் தலைப்பை அப்படியே தூக்கி நம் லயத்தின்மேல் ஒட்டியிருந்தேன். டூ போய்ஸ் அவற்றில் நம்பிக்கையையும் கேட்டவர் என்பது எனக்கு வசதியாக மறந்துபோனது. எல்லாமே துயரம் என்பதை ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1934லேயே மறுத்துவிட்டார்.

என்னைத் திருத்தியது ‘சில்ட்ரன், கோ வேர் ஐ செண்ட் தீ’ என்ற பாடல். எண்ணிக் கூட்டும் பாட்டு அது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண் கூடும். கூடியதும் பாட்டு படிப்படியாக இறங்கி, பெத்லகேமில் பிறந்த ஒற்றைக் குழந்தையிடம் வந்து நிற்கும். நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் பாட்டு முழுசாகக் கிடைத்துவிடும்.

இரண்டுக்கு யார்? சிறைக்குள் பாடிய பவுலும் சீலாவும். மூன்றுக்கு? சூளையில் எறிந்தும் வேகாத எபிரேயர் மூவர். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம், பிரதிநிதித்துவக் கணக்குக்காக அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. பின்னமாக எண்ணப்பட்டவர்களின் சந்ததி இங்கே கைதிகளையும் தீயில் பிழைத்தவர்களையும் முழு எண்களாக எண்ணுகிறது. இதில் துயரம் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்குப் புத்தகம் கைமாறிவிட்டது.

நமக்கு இந்த அமைப்பு புதிதில்லை. சம்பந்தர், திருமங்கையாழ்வார், அருணகிரிநாதர் மூவரும் திருவெழுகூற்றிருக்கை பாடியிருக்கிறார்கள். 1-2-1, 1-2-3-2-1 என்று ஏழுவரை ஏறி இறங்கும். எனக்குள்ளிருக்கும் எஞ்சினியர் அதைப் பார்த்துத் துள்ளுவான். இருந்தாலும் அது ஒற்றைக் குரலின் புலமை, கூட்டம் பதில் சொல்ல அதில் இடமில்லை. சால்களை எண்ணிக்கொண்டே இறைத்தவர்களின் ஏற்றப்பாட்டைத்தான் நான் பக்கத்தில் வைப்பேன்.

தோட்டத்திலோ எண்ணுகிற வேலை கிராணியுடையது. பெரட்டில் ஆளை எண்ணுவார், பிறகு பாலை நிறுத்து எழுதுவார். நான் குடியிருக்கும் ஷா ஆலமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். இன்றைக்கும் செக்‌ஷன் 7, செக்‌ஷன் 24 என்று எண்ணைச் சொல்லித்தான் வழி கேட்கிறோம்.

பாட்டியிடம் போனை நீட்டி, தோட்டத்துப் பாட்டு ஒன்று பாடச் சொன்னேன். அழுகையை எதிர்பார்த்துத்தான்.

“ஒப்பாரியா? நல்ல நாளும் அதுவுமா எதுக்குடா தம்பி?”

அஞ்சாங்கல் ஆடும்போது பாடுவதை எடுத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் லயத்து ஆள் ஒருத்தர். நாலாங்கல் கிராணி. தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் பாட்டிக்குச் சிரிப்பு வந்து பாட்டு நின்றது. அஞ்சாவது ஆள் ஞாபகம் வரவில்லை.

“இரு, ஒண்ணுலேர்ந்து வந்தாத்தான் வரும்” என்று மறுபடி தொடங்கினார்.