பொந்தியானாக்கைக் கொன்றது தணிக்கையா?

மலேசியப் பேய்ப்படங்களைப் பற்றி இப்போது யார் எழுதினாலும் ஒரே வரலாற்றைத்தான் ஒப்புவிக்கிறார்கள். 1957இல் பொந்தியானாக் என்ற, பிரசவத்தில் இறந்த பெண்ணின் பேய் திரைக்கு வந்தது. தணிக்கை அதன் குரல்வளையை நெரித்தது. 2004இல் சுஹைமி பாபா 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' எடுத்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். கேட்க விறுவிறுப்பான வரலாறுதான். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்பதில்லை. பழைய வரிசையின் கடைசிப் படமான 'புசாக்கா பொந்தியானாக்' வெளிவந்தது 1965இல். பேய், பில்லி சூனியம் என்றாலே தணிக்கை முகம் சுளித்த காலம் பெரும்பாலும் எண்பதுகளும் தொண்ணூறுகளும். அந்தக் கத்தரி வருமுன்பே அந்த வரிசை செத்துப்போயிருந்தது. தணிக்கையின் மீது பழியைப் போட்டதில் இரண்டு உண்மைகள் மறைந்துவிட்டன. ஒன்று, அந்தப் படங்கள் எதனால் எழுந்தன, எதனால் விழுந்தன என்பது. மற்றொன்று, முதல் மூன்று படங்களையும் இயக்கிய பி. என். ராவ் என்ற மனிதர்.

மலாய் சினிமாவின் தொடக்கம் இந்திய இயக்குநர்களின் கையில் இருந்ததை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முப்பதுகளில் 'லைலா மஜ்னுன்' எடுத்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ், 'பக்தி' படத்தில் நடிகர் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய எல். கிருஷ்ணன், 'ஹங் துவா' எடுத்த ஃபணி மஜும்தார் என்று அந்த வரிசை தெரிந்ததுதான். 1955இல் 'பெனாரெக் பேச்சா' மூலம் ரம்லி இயக்குநரானதும் உண்மையான மலாய் சினிமா பிறந்தது என்றும், அதற்கு முன் இருந்தவர்கள் பம்பாய், சென்னைச் சரக்கை மலாயில் பெயர்த்துக் கொடுத்தவர்கள் என்றும் ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் அதிகம் அடிபட்டவர் ராவ். ஜெமினி வெளியிட்ட 'மதனகாமராஜன்', ரஞ்சனும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த 'சாலிவாகனன்' ஆகியவை அவர் இயக்கிய தமிழ்ப்படங்கள். பிறகு சிங்கப்பூருக்கு வந்து ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் 'ஹுஜான் பானாஸ்' போன்ற படங்களை எடுத்தார். அங்கிருந்து போட்டி ஸ்டூடியோவான கேத்தே-கெரிஸுக்குப் போனார். தமிழ்த் திரை வரலாறு அவரைக் கப்பலேற்றியதோடு மறந்துவிட்டது. மலாய்த் திரை வரலாறு அவரை வந்துபோன கூலிக் கலைஞராகவே வைத்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் இடமில்லாத இந்த மனிதர்தான் இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய திரைப்பேயை உருவாக்கினார்.

1957 ஏப்ரல் இறுதியில் வெளிவந்த 'பொந்தியானாக்' படத்தின் கதையை நிதானமாகப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட குழந்தை சோமெலை மருந்து தெரிந்த கிழவர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். அவள் கூன் விழுந்த, ஊர் ஒதுக்கிய பெண். சாகும்போது தன் ஏடுகளை எரித்துவிடச் சொல்கிறார் கிழவர். எரிப்பதற்கு முன் அவள் படித்துவிடுகிறாள். முழுநிலவின் கீழ் மருந்தைக் குடித்து அழகியாகிறாள். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: அவள் நாக்கில் இரத்தம் படக்கூடாது. கல்யாணம் நடக்கிறது, மகள் பிறக்கிறாள், ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. விஷத்தை வாயால் உறிஞ்சி எடுத்தால்தான் அவன் பிழைப்பான். அவள் உறிஞ்சுகிறாள். இந்தக் காட்சிதான் மொத்தப் படவரிசையின் உயிர்நிலை. ஒரு பெண் பேயாவது அவள் செய்த பாவத்தால் அல்ல, கணவனைக் காப்பாற்றப் போன அந்த ஒரு கணத்தால். இனி அவள் தூக்கி வளர்த்த மகளே அவளைக் கண்டு அலற வேண்டும். சோமெலாக நடித்த மரியா மெனாடோவின் கோரமான ஒப்பனையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அந்த ஒப்பனை வேலை செய்தது.

இந்தக் கட்டமைப்பு எங்கிருந்து வந்தது? பிரசவத்தில் இறந்தவள், வாழைமரம், பிடரியில் ஆணி எல்லாம் மலாய் நம்பிக்கை. திரைக்கதை எழுதியவர் அப்போது மரியா மெனாடோவின் கணவராக இருந்த அப்துல் ரசாக். அப்படியிருக்க ராவுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அப்துல் ரசாக்குக்கு உரிய பெருமையை யாரும் பறிக்கவும் கூடாது. ஆனால் நாட்டார் நம்பிக்கையில் பொந்தியானாக் என்பது வழிமறிக்கும் ஓர் உரு மட்டுமே. பிரசவத்தில் இறந்தவள் என்பதற்கு மேல் அதற்கு வாழ்க்கை வரலாறு கிடையாது. வரம், வரத்தோடு ஒட்டிய விலக்கு, அன்பினாலேயே விலக்கு மீறப்படுதல், சாபம் என்ற படிக்கட்டு தமிழ்ப் புராணப் படங்களும் மாயாஜாலப் படங்களும் பழக்கிய படிக்கட்டு. அந்தப் பள்ளியில் தொழில் கற்றவர் ராவ். அதோடு, கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியை, வஞ்சம் தீர்க்கப் பிள்ளையோடு வந்த பழையனூர் நீலியை, பேய் பிடித்தவளின் உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணியடிப்பதை, கருவுற்ற நிலையில் இறந்தவளுக்காக வழியோரத்தில் நடும் சுமைதாங்கிக் கல்லை அறிந்த ஒரு பண்பாட்டுக்கு இந்தப் பேய் அந்நியமானதே அல்ல. ஜொகூரில் குளுவாங், சிகாமட், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் கம்பத்து மலாய்க்காரரும் லயத்துத் தமிழரும் ஒரே வாழைத்தோப்பைப் பார்த்துத்தான் பயந்தார்கள். அந்தப் பொதுவான பயத்துக்கு முதலில் ஒரு முழுக்கதை கொடுத்தவர் ராவ்.

விளைவு உடனே தெரிந்தது. படம் மூன்று மாதத்துக்கு அருகில் ஓடியது, கான்டனீஸில் குரல் மாற்றப்பட்டது. அதே ஆண்டு 'டெண்டாம் பொந்தியானாக்', அடுத்த ஆண்டு அகலத்திரையில் 'சும்பா பொந்தியானாக்' என்று ராவ் தொடரை முடித்தார். அப்துல் வாஹித் என்ற நடிகருக்குச் சத்தே விற்பவர் வேடத்தால் 'வாஹித் சத்தே' என்ற பெயரே நிலைத்தது. போட்டியாளரான ஷாவும் சும்மா இருக்கவில்லை. பிலிப்பினோ இயக்குநர் ரமோன் எஸ்தெல்லாவை வைத்து 1958இல் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தது. இவற்றையெல்லாம்விட முக்கியமான சான்று ரம்லியின் 'சும்பா ஓராங் மிஞ்ஞாக்'. அதிலும் ஊர் இகழும் ஒரு கூனன், மாயத்தால் அழகு பெறுகிறான், விலக்கை மீறிச் சீரழிகிறான். அது வந்தது 1958இல், சோமெல் திரைக்கு வந்து ஓராண்டு கழித்து. பெயர்த்துக் கொடுத்தவர் என்று ராவை ஒதுக்குகிறவர்கள் இந்த வரிசையை எப்படி விளக்குவார்கள்? ராவ் எடுத்த 'மசூரி'யும் இதே தடத்தில்தான் நடக்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் சாபம் லங்காவியையே பீடிக்கும் கதை அது. கண்ணகியை அறிந்தவர்களுக்கு அந்தச் சீற்றத்தின் நியாயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் இரண்டு படங்களின் பிரதிகளே கிடைக்காதபோது இவ்வளவு உறுதியாகப் பேசலாமா என்று ஒரு தடை எழும். கேத்தே-கெரிஸின் பங்குதாரர் ஹோ ஆ லோக் அவற்றை நீரில் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுவதுண்டு. எப்படியானாலும் இழப்பு பெரியது. காட்சியமைப்பையும் ஒளிப்பதிவையும் பற்றி இனி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கதையின் எலும்புக்கூடு பதிவாகியிருக்கிறது, மூன்றாவது படம் முழுதாக மிஞ்சியிருக்கிறது. 'சும்பா'வில் சோமெல் மகளை மற்றப் பேய்களிடமிருந்து காக்கிறாள். அங்கே பேய்களின் ஒப்பனை சில இடங்களில் சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கிறது. இருந்தும் படம் தளர்வதில்லை, ஏனென்றால் நம் கவலை பேய் எப்படித் தோன்றுகிறது என்பதில் இல்லை. தாய் மகளை அடைவாளா என்பதில் இருக்கிறது.

1963இல் 'பொந்தியானாக் கெம்பாலி', 1964இல் 'பொந்தியானாக் குவா மூசாங்', 1965இல் 'புசாக்கா பொந்தியானாக்' என்று மூன்று படங்கள் வந்தன. சந்தைக்குத் தெரிந்த ஒரு பெயரை மறுபடி மறுபடி விற்கப் பார்த்த, களைத்துப்போன முயற்சிகள் இவை. தொலைக்காட்சி வந்தது, இந்தோனேசியாவுடனான மோதலால் ஒரு பெரிய சந்தை கைவிட்டுப் போனது, 1964இல் கேத்தே நிறுவனத் தலைவர் லோக் வான் தோ விமான விபத்தில் இறந்தார். வீழ்ச்சிக்கு இவை போதாதா என்று கேட்பார்கள். ஸ்டூடியோக்களின் வீழ்ச்சிக்கு இவை போதும். ஜாலான் அம்பாஸ் 1967இல் மூடியதும், கேத்தே-கெரிஸ் 1972இல் படத்தயாரிப்பை நிறுத்தியதும் இவற்றால்தான். ஆனால் அதே கேத்தே-கெரிஸில், அறுபதுகளின் தொடக்கத்தில், ஹுசைன் ஹனிஃப் 'ஹங் ஜெபாட்', 'டாங் அனோம்' போன்ற கூர்மையான படங்களை எடுத்தார். படத்தின் சோர்வுக்கு ஸ்டூடியோவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 'குவா மூசாங்' ராவே இயக்கியது என்பதுதான் என் வாதத்துக்கு வரும் கடினமான தடை. அதற்கு என் பதில் இது: தாய்க்கும் மகளுக்கும் இடையிலான கதை 'சும்பா'வோடு முடிந்துவிட்டது. அது இல்லாமல் பேயை மட்டும் எழுப்பியபோது, அதைப் படைத்தவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இது நம் வட்டாரத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாகி நின்றது. அதனால் ஸ்பீல்பெர்க் அதைப் படத்தின் பெரும்பகுதியில் மறைத்தே வைத்தார். கிடைத்த இடத்தில் ஒரு காவல்துறைத் தலைவர், அவர் குடும்பம், கடற்கரையை மூட மறுக்கும் மேயர், படகில் சண்டையிடும் மூன்று ஆண்கள் எல்லோரும் உருப்பெற்றார்கள். 1978, 1983, 1987 ஆண்டுகளில் வந்த தொடர்ச்சிகளில் சுறா மேலும் மேலும் திரையை நிறைத்தது, மனிதர்கள் மெலிந்தார்கள். மூன்றாவதில் முப்பரிமாணக் கண்ணாடி வந்தது. நான்காவதில் சுறா ஒரு குடும்பத்தைக் குறிவைத்துப் பழிவாங்குவதாகவே கதை போனது. சோமெலுக்குப் பழி தீர்க்க ஒரு வாழ்க்கை இருந்தது. சுறாவுக்கு என்ன இருந்தது? பயமூட்டும் உருவத்தைப் பெரிதாக்கினால் பயமும் பெரிதாகும் என்று சிங்கப்பூரிலும் நம்பினார்கள், ஹாலிவுட்டிலும் நம்பினார்கள். இரண்டு இடத்திலும் கடைசியில் கொட்டகை காலியானது.

ஆகவே 2004இன் வெற்றியையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். தணிக்கை இளகியது சுஹைமி பாபாவுக்கு வாசலைத் திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே வாசல் வழியாகத்தான் அடுத்தடுத்து எத்தனையோ பொந்தியானாக் படங்கள் வந்தன. நகைச்சுவையாகவும் வெறும் அலறலாகவும் வந்தவற்றில் எத்தனை இன்று நினைவிலிருக்கின்றன? சுஹைமியின் படம் நின்றதற்குக் காரணம், மாயா கரின் நடித்த மெரியாம் கருவுற்ற நிலையில் கொல்லப்பட்ட ஒரு நடனக்காரி. அவள் வயிற்றுப்பிள்ளைக்கும் அவளுக்கும் இடையே அறுபட்டதுதான் படத்தின் விசை. அதாவது, சுஹைமி ராவின் கதைக்குத்தான் திரும்பினார். தெரிந்து திரும்பினாரா என்பது முக்கியமில்லை, திரும்பியதால் வென்றார்.

இனி பேய்ப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு, குறிப்பாகக் கோடம்பாக்கத்தின் பாணியைப் பார்த்தே தொழில் பழகும் மலேசியத் தமிழ்ப் படைப்பாளிகளுக்கு, இங்கே ஒரு முன்னோடி இருக்கிறார். தமிழ்த் திரையில் கற்ற கலையை இந்த மண்ணின் நம்பிக்கையோடு சேர்த்து, மூன்று இனத்தாரும் பார்க்கும் படமாக அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்து காட்டிவிட்டார். நம் திரை வரலாற்றை 'சாலிவாகனன்' ராவோடு நிறுத்தாமல் 'பொந்தியானாக்' ராவ் வரை எழுத வேண்டும். மிஞ்சியிருக்கும் 'சும்பா'வைத் திரைப்படக் கல்லூரிகளில் பாடமாக வைக்க வேண்டும். ஒப்பனைக்கும் கணினி வரைகலைக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பங்கைத் திரைக்கதைக்குச் செலவிட வேண்டும். பேயாவதற்கு முன் அந்தப் பெண் யாராக இருந்தாள், யாருக்காக எதை இழந்தாள் என்று முதல் அரைமணி நேரத்தில் சொல்லத் தெரியாத இயக்குநருக்குத் தணிக்கை எவ்வளவு சுதந்திரம் கொடுத்தாலும் அவரிடமிருந்து ஒரு நல்ல பேய்ப்படம் வராது.