காலும் மூச்சும் கவிதையும்: கேளம்பாக்கம் கரையிலிருந்து ஒரு பார்வை

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே திரும்பினால் உப்பளங்களைக் கடந்து கோவளம். தெற்கே போனால் திருப்போரூர். கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தை, இன்னும் கீழே மாமல்லபுரம். திருமங்கையாழ்வார் தலந்தலமாக நடந்து பாடியவர். திருவிடந்தையும் கடல்மல்லையும் அவர் பாசுரம் பெற்ற ஊர்கள். திருப்போரூர் அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். வாசிக்கத் தொடங்கியதுமே கால் தாளம் போடவைக்கும் சந்தம் அவருடையது. உடல் அசைவிலிருந்து கவிதையும் படைப்பெழுத்தும் பிறப்பதைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான கரை தமிழ்நாட்டில் குறைவு.

அசைவு கவிஞருக்கு உற்சாகம் தரும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு மேலும் ஒன்று உண்டு: வரி எவ்வளவு நீளலாம், எங்கே மூச்சு விடலாம், எந்தச் சொல் திரும்ப வரவேண்டும் என்பதையெல்லாம் தமிழில் நெடுங்காலம் உடலே தீர்மானித்து வந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றையும் அதன் இன்றைய நிலையையும் பார்க்கிறது.

உழைப்பு தந்த யாப்பு

தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் அளவு கண் இமைப்பதும் விரல் நொடிப்பதும். இலக்கணத்தின் தொடக்கத்திலேயே உடல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு எனக் காய் வீசுவது, பந்தடிப்பது, ஊஞ்சலாடுவது, உலக்கை போடுவது எல்லாம் பாட்டு வடிவங்களாகின்றன. மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணம், திருவம்மானை, திருப்பொன்னூசல் எனப் பெண்களின் வேலையையும் விளையாட்டையும் எடுத்துப் பக்திக்கு வடிவம் தந்தார்.

வள்ளைப் பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறிக் குத்துகிறார்கள். ஒருத்தியின் உலக்கை மேலே போகும்போது மற்றவளுடையது கீழே இறங்க வேண்டும். நொடி பிசகினால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். பாட்டு இருவரையும் ஒரே காலத்தில் நிறுத்துகிறது. ஒரு குத்துக்குள் அடங்காத சொல்லை அந்தப் பாட்டில் வைக்க முடியாது. ஏற்றப் பாட்டில் இறைத்த சால்களின் கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடும். மீனவரின் அம்பாப் பாட்டில் ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் துடுப்பை வலிக்கும்போதோ வலையை இழுக்கும்போதோ 'ஏலேலோ' என்று பதில் தருவார்கள். எடுத்துக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் இடைவெளி ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே உள்ள நேரம் மட்டுமே. கற்பனை அதற்குள் வேலை செய்தாக வேண்டும்.

எழுத்தறிந்த கவிஞர்களும் இதை விடவில்லை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து காவடி தூக்கி ஆடும் உடலுக்கு எழுதப்பட்டது. பாரதி 1912-ல் எழுதிய பாஞ்சாலி சபதத்தில் நொண்டிச் சிந்தைப் பெரிதும் கையாண்டார். பெண் விடுதலையைப் பாடக் கும்மியை எடுத்துக்கொண்டார். புதிய கருத்து கைதட்டிச் சுற்றிவரும் பெண்களின் காலோடு சேர்ந்து பரவட்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

பிரிவும் மீட்பும்

பிறகு நெல் அரவை ஆலைக்குப் போனது, ஏற்றத்தின் இடத்துக்குப் பம்பு செட் வந்தது, படகில் என்ஜின் ஏறியது. உடலை இழந்த பாட்டு தொகுப்பு நூல்களுக்குள் போயிற்று. புதுக்கவிதை யாப்பிலிருந்து விடுபட்டது பெரிய விடுதலை. ஆனால் அந்த விடுதலையோடு கவிதை மேஜைக்கும் மௌன வாசிப்புக்கும் உரியதாகிவிட்டது. 2000-க்குப் பிறகு சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகியோர் உடலைத் தமிழ்க் கவிதையின் நடுவே துணிந்து வைத்தார்கள். அந்தக் கவிதைகளில் உடல் பொருளாக வந்தது. அசைவை எழுதும் முறையாகக் கொள்ளும் முயற்சிகள் பெரும்பாலும் மேடையின் பக்கம் நடந்தன.

அதில் முதலில் சொல்ல வேண்டியவர் ந. முத்துசாமி. தேர்ந்த சிறுகதையாளரான அவர் புரிசைத் தெருக்கூத்தைக் கண்டபின் 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். தெருக்கூத்து அடவும் சிலம்பமும் நடிகர்களுக்குப் பயிற்சியாயின. உரையாடலை எழுத்தாளரின் தாளில் மட்டுமல்லாமல் நடிகரின் உடலிலும் தேடியது அந்தப் பட்டறை. வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கிய ஆதிசக்தி நாடகக் குழு பின்னர் ஆரோவில் அருகே குடியேறியது. கூடியாட்டத்திலிருந்தும் களரிப்பயிற்றிலிருந்தும் மூச்சுப் பயிற்சிகளை எடுத்து, ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு மூச்சு உண்டு என்ற அடிப்படையில் அங்கே பிரதிகள் உருவாயின.

காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்ற சந்திரலேகா, 1985-ல் 'அங்கிகா' என்ற ஆட்டப் படைப்பில் பரதம், யோகம், களரி மூன்றையும் ஒரே உடல்மொழியின் கிளைகளாக வைத்தார். அவரே கவிதை எழுதியவர். 2001-ல் அவர் அமைத்த கடைசிப் படைப்பான 'சரீரா'வில் ஆட வந்தவர் கவிஞர் டிஷானி தோஷி. குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசையில், மிக மெதுவாக விரியும் ஆட்டம் அது. ஓர் அசைவை அவசரப்படாமல் கடைசிவரை தாங்கிப்பிடிக்க வேண்டும். சந்திரலேகா 2006-ல் மறைந்தார். அதே ஆண்டில் தோஷியின் முதல் தொகுதி 'கன்ட்ரீஸ் ஆஃப் தி பாடி' ஃபார்வர்ட் பரிசு பெற்றது. பின்னாளில் தன் 'கேர்ள்ஸ் ஆர் கமிங் அவுட் ஆஃப் தி வுட்ஸ்' கவிதையை அவரே மேடையில் ஆடியும் நிகழ்த்தினார். ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் இந்தக் கரையின் ஆட்டப் பயிற்சியிலிருந்து கவிதைக்குத் திரும்பியிருக்கிறார். தமிழில் எழுதுபவர்களுக்கு அந்த வழி இன்னும் அருகில் இருக்கிறது.

அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதிய எண்ணங்கள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களிடமும் பலன் இருந்தது. இயற்கைக் காட்சி இல்லாமலும் நடை தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது எண்ணங்களின் பெருக்கத்தை. வரியின் வடிவத்துக்கு அசைவு என்ன செய்கிறது என்பதற்கு வள்ளைப் பாட்டே இன்னும் நல்ல சான்று.

வகுப்பறைக்கு வரவேண்டியது

நம் பள்ளிகளில் அசையும் சீரும் கரும்பலகையில் பிரித்துக் காட்டப்படுகின்றன. மாணவர்கள் நேரசையையும் நிரையசையையும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறக்கிறார்கள். கும்மி அடித்துச் சிந்தின் நடையையும், இருவர் இருவராக உலக்கை போடும் பாவனையில் வள்ளையின் அளவையும் சொல்லிக்கொடுத்தால் யாப்பு அவர்கள் காதிலும் காலிலும் தங்கும். படைப்பெழுத்துப் பட்டறைகளும் தாளை எடுக்கும் முன் அரை மணி நேரத்தை நடைக்கோ அடவுக்கோ தரலாம்; எழுதியதை நடந்துகொண்டே உரக்கச் சொல்லி, மூச்சு முட்டும் இடத்தில் வரியை வெட்டச் சொல்லலாம். முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா போன்ற இடங்கள் கூத்துக் கலைஞரையும் கவிஞரையும் ஒரே பயிற்சியில் சேர்த்து நிறுத்தினால், நமக்குக் கிடைப்பது பழம்பாடலின் நகலாக இராது. பேருந்தில் நின்று பயணிக்கிற, கணினிமுன் முதுகு வலிக்க உட்காருகிற இன்றைய உடல்களுக்கும் ஒரு தாளம் உண்டு. அதைக் கண்டெடுக்கும் வேலை இனி எழுதுகிறவர்களுடையது.