சித்தம் யார் வசம்?

தாம்பரம், பல்லாவரம் போன்ற ஊர்களில் பத்திர எழுத்தர்களிடம் தயாராகும் உயில்களிலும் விடுதலைப் பத்திரங்களிலும் ஒரு வாசகம் ஏறக்குறைய மாறாமல் வரும். எழுதிக்கொடுப்பவர் நல்ல நினைவோடும் சித்த சுவாதீனத்தோடும், எவருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாக எழுதிக்கொடுப்பதாக அது சொல்லும். தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் இதையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். சுவாதீனம் என்றால் தன் வசத்தில் இருப்பது. ஒரு பெண்ணின் சித்தம் அவள் வசம்தான் இருக்கிறது என்று குடும்பம் எழுத்தில் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் அவள் தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும் நாளில்தான். அதே பெண் பங்கு கேட்டு வழக்குப் போட்டாலோ, கணவன் வீட்டைவிட்டு வெளியேறினாலோ, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேச அதிக நேரம் ஆவதில்லை.

மனத்தகுதியை ரத்த வகை போல ஆளுக்கு ஒன்று என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தை மட்டும் பார்க்கிறது. அப்போது அதைப் புரிந்துகொண்டு, அது தன் நலனை எப்படிப் பாதிக்கும் என்று எடைபோட முடிந்தால் போதும். சாட்சியச் சட்டத்தில் கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிந்தவர் சாட்சி சொல்லலாம். உயில் எழுதத் தான் செய்வது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே பெண் ஒரே வாரத்தில் ஒன்றுக்குத் தகுதியுள்ளவளாகவும் இன்னொன்றுக்குத் தகுதியற்றவளாகவும் இருக்கலாம். இது குழப்பம் போலத் தெரிந்தாலும் நமக்கு உதவும் குழப்பம். எந்த முடிவைப் பற்றிய தகுதி என்று கேட்காமல் ஒருத்தியை மொத்தமாகப் பைத்தியம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் சட்டத்தின் மொழிக்குள் பழைய வீடும் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, மனம் தெளிவாக உள்ள, வயது வந்த எவரும் உயில் எழுதலாம் என்கிறது. அதன் கீழே நான்கு விளக்கங்கள். முதலாவது, மணமான பெண்ணும் தன் சொத்துக்கு உயில் எழுதலாம் என்பது. அடுத்தது காது கேளாதவர், வாய் பேசாதவர், பார்வையற்றவர் பற்றியது. மூன்றாவது, சித்தம் கலங்கியவர் தெளிந்திருக்கும் இடைவேளை. நான்காவது, போதையாலோ நோயாலோ தான் செய்வது தெரியாதவர். விளக்கம் நமக்குச் சாதகமானதுதான். அதை நம்மை எந்த வரிசையில் நிறுத்திச் சொல்கிறது என்பதைப் பாருங்கள்.

திருமணச் சட்டத்துக்கு வந்தால் தகுதியின் பொருளே மாறுகிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சம்மதம் தரும் தெளிவோடு நிற்பதில்லை. திருமணத்துக்கும் பிள்ளை பெறுவதற்கும் தகாத அளவுக்கு மனக்கோளாறு இருக்கக் கூடாது என்கிறது. புரிதலை அளந்த சொல் இங்கே பயன்பாட்டை அளக்கிறது. விவாகரத்துக்கு நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அதன் தீவிரம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. ஊர்ப் பேச்சுக்கோ இன்றும் ஒரு மாத்திரைச் சீட்டு போதும்.

உடல் விஷயத்தில் முரண் இன்னும் கூர்மை. 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், சண்டிகரில் அரசு இல்லத்தில் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அவள் பிள்ளையைப் பெற விரும்பினாள். லேசான அறிவுத்திறன் குறைபாடு மனநோய் ஆகாது, அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு வகைப்பாட்டின் மேல் நிற்கிறது. 1971ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டத்தின்படி, மனநோயாளி என்று வகைப்படுத்தப்பட்ட பெண்ணுக்குப் பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனநோய் உள்ளவருக்கும் தன் மனநலச் சிகிச்சையை முடிவு செய்யும் தகுதி உண்டு என்றே தொடங்குகிறது. அவர் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிவதாலேயே அவர் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார் என்றும் சொல்கிறது. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டு 28 பேர் எரிந்துபோனதைப் பார்த்த மாநிலத்துக்கு இந்த வரியின் விலை தெரியும். ஆக, தன் மாத்திரையை முடிவு செய்யலாம், தன் கருவை முடிவு செய்ய முடியாது. இரண்டுமே இன்று நடப்பில் உள்ள சட்டங்கள்.

திரும்பவும் நிலத்துக்கு வருகிறேன். மேடவாக்கம், முடிச்சூர், வண்டலூர் பக்கம் வயலும் தோப்பும் மனைகளாகிவிட்டன. மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இல் மணமாகாத மகள்களுக்கு வந்து, 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் விரிந்தது. அதனால்தான் அவள் கையெழுத்துக்கு இத்தனை அவசரம். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுப்பவர் சித்தம் கலங்கியவராகத் தோன்றினால் பதிவாளர் பதிய மறுக்க வேண்டும். தோன்றினால்! மருந்தின் விளைவால் கை நடுங்கும் பெண் அப்படித் தோன்றலாம். முந்தின இரவெல்லாம் அழுதுவிட்டு அண்ணன் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பவள் தெளிந்தவளாகவே தோன்றுவாள்.

தகுதிச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மறதி நோயில் இருக்கும் அம்மாவின் பெருவிரலைப் பிடித்து ரேகை வைக்கும் பிள்ளைகளும் உண்டு, அங்கே அது காவல். ஆனால் சித்தம் தெளிவாக இருப்பது வேறு, சித்தம் சுதந்திரமாக இருப்பது வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதை அறியும். வயதாலோ நோயாலோ மனவேதனையாலோ மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு ஒப்பந்தம் செய்கிறவரை, அவர் விருப்பத்தை ஆட்டிவைக்கக்கூடிய இடத்தில் இருப்பவராக அது கருதுகிறது. எழுத்தறியாத பெண்களிடமும் கோஷாப் பெண்களிடமும் வாங்கிய பத்திரங்களில், அவள் புரிந்துதான் கையெழுத்திட்டாள் என்று லாபம் பெற்றவரே நிரூபிக்க வேண்டும் என நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. படித்த பெண்ணுக்கு அந்தக் காவல் எளிதில் கிடைக்காது. அவள் பட்டமே அவள் சம்மதத்துக்குச் சாட்சியாகிவிடும்.

ஆகவே, படிக்கும் பெண்களே, பத்திரத்தின் நகலை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அந்த இடத்தின் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்கு என்ன பங்கு என்று, அண்ணனின் வக்கீலிடம் கேட்காமல் வேறொருவரிடம் கேளுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் சித்த சுவாதீனம் வேண்டும்.