காண்டத்தின் பெயரும் குறிப்பின் உரையும்

சீறாப்புராணத்தை நம் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை டியூட்டரிகளில் கைமாறும் குறிப்புகளைப் பாருங்கள். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று அணிக்குப் பெயர். அரபுச் சொல்லுக்கு ஒரு வரிப் பொருள். அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் புள்ளி கிடைக்கும், சரி. செய்யுள் விளங்கிற்றா?

உமறுப் புலவர் காப்பியத்தை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டமாக வகுத்தார். 'விலாதத்து என்றால் பிறப்பு' என்பதோடு குறிப்பு நின்றுவிடுகிறது. வ-ல-த என்ற அதே மூன்றெழுத்து வேரிலிருந்துதான் வாலிதும் நாம் ஓதுகிற மவ்லூதும் வந்தன என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை மறக்காது. ஓதப்பள்ளியில் காதில் விழுந்த சொல் தமிழ்ப் பாடத்தில் எழுந்து நிற்கும். ஹிஜ்றத்தோடு ஹிஜ்ரியும் முஹாஜிரும் தாமாகவே வந்து சேரும்.

வேரைத் தேடிப் போனால் அது அரபோடும் நிற்பதில்லை. குர்ஆனில் வரும் திர்ஹம், கிரேக்கரின் திராக்மா. தீனார், உரோமரின் தெனாரியஸ். பத்து என்ற இலத்தீன் சொல்லடியில் பிறந்தது. எழுதுகோலைக் குறிக்கும் கலம்கூட, நாணலைக் குறித்த கலமொஸ் என்ற கிரேக்கச் சொல்லின் உறவுதான்.

அணிக்கும் இதே கதை. தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளையும் மனனம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிந்து வயல் விளைகிறதே, அதை 'உயர்வு நவிற்சி' என்று எழுதி மூடிவிடுவதா? பாலைநிலத்தில் பிறந்த நபிகள் நாயகத்தின் (ஸல்) வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் குடியேற்றப் புலவர் செய்த ஏற்பாடு அது. கம்பனின் கோசலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், பிள்ளைகளே கேட்பார்கள்: "சேர், மக்காவில ஏது நெல்லு?"