பறக்கும் ரயில் அடைப்பு: யார் கணக்கில் எழுதுவது?

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது இருப்புப் பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 அன்று சென்னைக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் 29 அன்று. பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இது நியாயமா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: அடைத்தது சரியா, அடைத்த விதம் சரியா.

அடைத்ததைக் குறை சொல்ல முடியவில்லை. எழும்பூருக்குத் தெற்கே தாம்பரம் வரை நான்கு பாதைகள். வடக்கே கடற்கரை வரை அப்போது மூன்றுதான் இருந்தன. அதில் இரண்டை மின்சார ரயில்கள் எடுத்துக்கொள்ள, போகிற வெளியூர் வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் மிஞ்சியது ஒன்றே. கோட்டைப் பக்கம் ஏற்கெனவே இடநெருக்கடி. ஓடுகிற ரயிலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே பாதை போடுவது பாதுகாப்பாகவும் இராது. வேலை அவசியம், அடைப்பும் அவசியம்.

ஆனால் அதன் அளவைச் சொன்ன விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. வேளச்சேரி வரை நீண்ட தடத்தில் நின்றுபோனவை கடற்கரை, கோட்டை, பூங்கா நகர் என்று மூன்றே நிலையங்கள், மற்ற இடத்தில் ரயில் ஓடியதே என்பார்கள். கிலோமீட்டரை வைத்துப் பார்த்தால் உண்மை. பயணியை வைத்துப் பார்த்தால் தடத்தின் உயிரே அந்த மூன்றில்தான் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, ஆவடி, தாம்பரம் என எந்தத் திசையிலிருந்து வந்தவரும் வண்டி மாறியது அங்கேதான். பூங்கா நகரில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் அதுவே நிறுத்தம். கோட்டையில் தலைமைச் செயலகம். கடற்கரையில் பாரிமுனை, உயர் நீதிமன்றம். இணைப்பு அறுந்த பிறகு சிந்தாதிரிப்பேட்டை என்பது கூவத்தோரம் நின்றுவிடும் பாதி வழி. சேவைகளின் எண்ணிக்கையையும் அப்போது குறைத்தார்கள். ஆகவே மயிலாப்பூரில் ஏறி திருவான்மியூரில் இறங்குபவருக்கும் காத்திருப்பு கூடியது.

மாற்று வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மாநகரப் பேருந்து இருந்தது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கொஞ்சம் நடந்தால் அரசினர் தோட்டம் மெட்ரோ. ஆயினும் பறக்கும் ரயிலில் ஐந்து, பத்து ரூபாயில் முடிந்த பயணம் அது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் அதற்கு மேல் ஷேர் ஆட்டோவுக்கோ மெட்ரோவுக்கோ போக வர இரண்டு முறை கொடுத்தால், குறைந்த சம்பளக்காரரின் மாதக் கணக்கில் ஓட்டை விழும். அரசு மருத்துவமனைக்குப் புறநோயாளியாக வரும் முதியவரிடம் ‘கொஞ்சம் நடந்தால்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டிய பிறகு அந்தத் தூரத்தைத் தனியே கடக்க வேண்டிய பெண்ணுக்கும் அது சின்ன வார்த்தை இல்லை.

எனக்கு மிகப் பெரிய குற்றமாகத் தெரிவது கெடு தவறியதுதான். கோட்டைப் பகுதியில் கடற்படை, ரிசர்வ் வங்கி நிலம் தேவைப்பட்டதும், அது கைக்கு வரத் தாமதமானதும் இழுபறிக்குக் காரணங்கள். நிலம் தேவை என்பது வேலை தொடங்கிய பிறகு தெரியவரும் சங்கதி அல்ல, வரைபடத்திலேயே இருப்பது. அதை முடித்துவிட்டு ரயிலை நிறுத்தியிருக்கலாம். ஏழு மாதம் என்று நம்பியவர் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பார்; பதினான்கு என்று முன்பே தெரிந்திருந்தால் வீட்டை மாற்றுவதா, வேலையை மாற்றுவதா என்று யோசித்திருப்பார். இதற்கிடையே தவணையில் சொந்த வண்டி வாங்கிவிட்டவர், ரயில் திரும்பியதும் அதை விற்றுவிட்டு நடைமேடைக்கு வரப்போவதில்லை.

இதில் பலனும் சுமையும் ஒரே ஆளுக்குப் போகவில்லை. கூடுதல் பாதையின் பெரும் பலன் வெளியூர் ரயில்களுக்கு. சுமை முழுவதும் உள்ளூர்ப் பயணிக்கு. அவர் கையிலிருந்து கொடுத்த பணமும் நேரமும் திட்ட மதிப்பீட்டில் ஏறாத செலவு.

என் தீர்ப்பு: அடைத்தது சரி, அடைத்த விதம் தவறு. நிலம் கைக்கு வராமல் ரயிலை நிறுத்தக் கூடாது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒவ்வொரு ரயிலும் வந்து நிற்கும் நேரத்துக்கு பூங்கா நகர், கடற்கரைக்கு இணைப்புப் பேருந்து, அதே சீசன் டிக்கெட்டில், கட்டுமானச் செலவின் ஒரு பகுதியாக ஓடியிருக்க வேண்டும். கெடு தாண்டும் ஒவ்வொரு மாதத்துக்கும் சீசன் கட்டணத்தில் கழிவு தந்திருக்க வேண்டும். நகரின் இன்னொரு தடத்தை அடைக்கும்போது இந்த மூன்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.