ஒலிபெருக்கிப் பெட்டியில் கால ஒழுங்கு: நான்கு மரபுகளும் ஓர் அளவுகோலும்

பரமத்தி வேலூரில் கோயில் நோம்பியானாலும் கல்யாணமானாலும் நாதஸ்வரத்தையும் தவிலையும் நேரில் கேட்டு வளர்ந்த காதுகள் ஏராளம். வீட்டுப் பெட்டியில் அதே தவில் ஏன் சப்பென்று ஒலிக்கிறது என்று அந்தக் காதுகள் கேட்கத்தான் செய்யும். அதற்கான விடையின் ஒரு பகுதி, வடிவமைப்பாளர்கள் 'டைம் அலைன்மென்ட்' என்று சொல்லும் கால ஒழுங்கில் இருக்கிறது.

இருவழிப் பெட்டியில் கீழோசையை உஃபரும் மேலோசையை ட்வீட்டரும் ஏற்கின்றன. பங்கு பிரிப்பது கிராஸ்ஓவர். உஃபரின் கூம்பு உள்வாங்கியிருப்பதால் அதன் ஒலி சில சென்டிமீட்டர் பின்னாலிருந்து புறப்படுகிறது. நம் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 3,000 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 12 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அங்கே 6 செ.மீ. பின்தங்கினாலே அரை அலை தவறிவிடும். இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கும். நாதஸ்வரத்தின் கணீர் குடியிருக்கும் இடத்திலேயே பள்ளம் விழும்.

முதல் பாடம் 1930-களில் ஹாலிவுட்டில் கிடைத்தது. திரையரங்கின் கீழோசை ஹாரன், மேலோசை ஹாரனைவிடப் பல அடி நீண்டிருந்தது. அதனால் நடிகை எலினார் பவலின் நடனத்தில் ஒரு காலடி இரண்டாகக் கேட்டது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் டக்ளஸ் ஷியரர் குழு அந்த நீள வித்தியாசத்தைக் குறைத்த புது அமைப்பைச் செய்தது. அதன்பின் வீட்டு ஒலிபெருக்கிகளில் நான்கு மரபுகள் வேரூன்றின.

முதலாவது, இடம் மாற்றும் மரபு. ட்வீட்டரைப் படிபோலப் பின்தள்ளுவது, அல்லது முன்பலகையைச் சாய்ப்பது. 1975-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்பி-7000 இதன் அடையாளம். அமெரிக்காவின் வாண்டர்ஸ்டீனும் தீலும் மிதமான முதல்படி கிராஸ்ஓவரைச் சேர்த்து, அலையின் வடிவத்தையே காக்க முனைந்தனர். இதற்கு விலை உண்டு: ட்வீட்டர் கூடுதல் சுமை தாங்க வேண்டும், காதின் உயரம் மாறினால் ஒழுங்கும் குலையும்.

இரண்டாவது, ஒரே மையத்திலிருந்து ஒலிக்கும் மரபு. டானாயின் டூயல் கான்சென்ட்ரிக் (1947), கெஃபின் யூனி-க்யூ (1988) இரண்டும் இதில் அடங்கும். பீட்டர் வாக்கரின் குவாட் இஎஸ்எல்-63 ஒரே தகட்டை வளையங்களாகப் பிரித்து, வெளிவளையங்களுக்குத் தாமதம் கொடுத்து, பின்னாலுள்ள ஒரு புள்ளியிலிருந்து ஒலி புறப்படுவதாகக் கேட்க வைத்தது.

மூன்றாவது, 1976-இல் பொறியாளர் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கிராஸ்ஓவரின் மரபு. அலை வடிவத்தைக் காப்பது இதன் நோக்கமல்ல. பங்கு பிரியும் இடத்தில் உஃபர், ட்வீட்டர் என்ற இரண்டு யூனிட்டுகளும் ஒரே கட்டத்தில் (ஃபேஸ்) கூட வேண்டும் என்பதே.

நான்காவது கணினி மரபு. யூனிட்டுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் கொடுத்து, தாமதத்தை, ஒலியை எண்களாகக் கையாளும் டிஎஸ்பி சிப்பில் எண்ணாக இடுவது.

இவற்றை எதைக் கொண்டு எடைபோடுவது? ஜெர்மானிய ஆய்வாளர்கள் பிளாவர்ட்டும் லாஸும் 1978-இல் அளந்தபோது, 2,000 ஹெர்ட்ஸில் தாமதம் சுமார் ஒரு மில்லி விநாடியைத் தொட்டால்தான் காதுக்குப் புலப்பட்டது. அந்த நேரத்தில் ஒலி 35 செ.மீ. கடந்துவிடும், பெட்டியின் பிழையோ சில சென்டிமீட்டர்தான். ஆகவே தாமதத்தை நாம் நேராகக் கேட்பதில்லை, அது வெட்டும் பள்ளத்தைத்தான் கேட்கிறோம். யூனிட்டுகள் கூடும் இடத்தில் பள்ளம் இல்லாமையே முதல் அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. அலை வடிவம் அதற்கு அடுத்ததே.

சோதனையும் எளிது. மூன்றாம் மரபுப் பெட்டியில் ட்வீட்டரின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டு, உட்காரும் இடத்தில் மைக் வைத்து அளக்க வேண்டும். வயர் மாறியதும் இரண்டு ஒலிகளும் எதிரெதிராகி அழியும் என்பதால், கிராஸ்ஓவர் அலைவெண்ணில் பள்ளம் ஆழமாக விழுந்தால் ஒழுங்கு சரி. வயர்களைப் பழையபடி போட்டுவிடலாம். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

நம் வீடுகளில் இதற்குக் கூடுதல் தேவை உண்டு. பெட்டி அலமாரி உச்சியில் இருக்கும். கேட்பவர் பாயில் இருப்பார். அந்தக் கோணத்தில் உஃபர் காதுக்கு நெருங்கி, ட்வீட்டர் விலகி, பட்டறையில் செய்த ஒழுங்கெல்லாம் வீணாகும். பெட்டி கட்டும் நம் பகுதிக் கைவினைஞர்கள் வாட்ஸ் எண்ணை எழுதுவதுபோல, எத்தனை அடி தூரத்தில், எந்தக் காது உயரத்தில் அளந்தோம் என்பதையும் பெட்டியின் பின்புறம் எழுதித் தரட்டும். வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்கட்டும்.