கொலையும் நகையும்

கொலையை நகைப்பொருளாக்குதல் அறமாகுமோ என வினவுவோர் உளர். இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற உரைகல்லாக, இங்கிலாந்தின் ஈலிங் படநிலையத்தில் இராபர்ட் ஹேமர் நெறிப்படுத்தி 1949-இல் வெளியான ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ என்னும் திரைப்படத்தைக் கொள்கின்றோம்.

இத்தாலியப் பாடகனை மணந்தமையால் டாஸ்கொயின் என்னும் உயர்குடியினரால் விலக்கப்பட்டவள் லூயி மாட்சினியின் தாய். குடும்பக் கல்லறையிலும் அவளுக்கு இடம் மறுக்கப்படுகின்றது. துணிக்கடைப் பணியாளனாகிய மகன், தனக்கும் கோமகன் பட்டத்திற்கும் இடைநிற்போரைக் கொல்லத் துணிகின்றான். அக்குடியினர் எண்மரையும் அலெக் கின்னஸ் என்னும் ஒரு நடிகரே ஏற்று நடித்துள்ளார். இது வெறும் வித்தை அன்று. மடிவோர் தனி மாந்தராகத் தோன்றாது ஒரே செருக்கின் பல முகங்களாகத் தோன்றுதலின், நம் இரக்கம் தடைப்படுகின்றது.

படத்தின் நடைச்சிறப்போ சொல்லும் காட்சியும் முரணி நிற்றலில் உள்ளது. தூக்குமேடைக்கு முந்திய இரவில் லூயி எழுதும் தன்வரலாறாகவே கதை நிகழ்கின்றது. டென்னிஸ் பிரைஸின் குரலில் பதற்றம் சிறிதும் இல்லை. ஹென்றியின் மனைவியோடு அவன் தோட்டத்தில் தேநீர் அருந்துங்கால், ஹென்றியின் இருட்டறை வெடித்த புகை மதிலுக்கு அப்பால் எழுகின்றது. உரையாடல் இடையறாது தொடர்கின்றது. தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகக் கூறும் எள்ளல் ஈண்டு உரத்த சொல்லால் அன்றி, அடக்கத்தால் விளைகின்றது.

எனினும், முதற்கொலையில் ஓடத்தோடு தடுப்பணையில் வீழ்பவள் குற்றமற்ற பெண்ணொருத்தி. அவள் சாவையும் லூயி ஒரு நயவுரையால் கடந்துவிடுகின்றான். நாமும் நகைத்துக் கடந்துவிடுகின்றோம். அழகிய நடை நம்மைக் கொலைக்கு உடந்தையாக்கியதை அங்கே உணர்தல் வேண்டும். உணராதார்க்கு முடிவு உணர்த்துகின்றது. தான் செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்று, பின் விடுதலையாகி வெளிவரும் லூயி, அறுவரைக் கொன்றமை கூறும் ஏட்டைச் சிறையறையில் விட்டுவந்தமையை நினைக்கின்றான். படம் முடிகின்றது. எந்த நடையால் நம்மை மயக்கினானோ அந்நடையே அவனுக்கு எதிர்ச்சான்றாகின்றது.

அமெரிக்காவில் காட்டப்பட்ட படியில், அவ்வேடு சிறைக்காவலர் கைப்படும் காட்சி சேர்க்கப்பட்டது. அறம் வெளிப்படையாக வெல்லவேண்டும் என்பது சேர்த்தோர் கருத்துப் போலும். ஆயினும், தீர்ப்பைக் காண்போர் நெஞ்சிடம் விட்ட மூலமே அறத்திற்கு அணித்து என்பது எம் துணிபு. நகைத்தவரே தீர்ப்பும் கூறுதல் வேண்டும். அதுவே இப்படம் நமக்கு விதிக்கும் தண்டம்.